இரண்டு உயிர் ஒன்றாகுமா?

குளத்து நீரைப் பசுமையாக்கும் நுண்ணுயிர்களுள் கிளாமிடோமோனாஸ் என்னும் பாசியும் ஒன்று. ஒரே செல்லால் ஆன உடல். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடங்களில் பெரிதும் வளர்க்கப்பெறும் வகை, 1945இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உருளைக்கிழங்கு வயலின் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

உணவு நிறைந்த காலத்தில் இப்பாசி தன்னைத்தானே பிரித்துப் பெருகும், துணையை நாடுவதில்லை. நைட்ரஜன், அதாவது நம் உழவர் கூறும் தழைச்சத்து, அற்றுப்போனதும் நிலைமை மாறுகிறது. ரூத் சேகர் என்னும் அம்மையாரும் கிரானிக் என்பவரும் 1954இல் இதனை ஆய்ந்து காட்டினர். செல் தன் உட்பொருள்கள் சிலவற்றைச் சிதைத்து, அவற்றையே உணவாக்கிக்கொண்டு, ஒளியின் துணையால் இனச்செல்லாக மாறுகிறது. வியப்பு யாதெனில், தழைச்சத்து மீண்டும் கிடைத்தால் இணையாத இனச்செல் பழைய வாழ்வுக்கே திரும்பிவிடும். மாற்று வகைச் செல் எதிர்ப்பட்டாலோ, இரண்டின் கசையிழைகளும் தொட்டு அறிகின்றன, செல்சுவர்கள் களையப்படுகின்றன, இரண்டும் கலந்து ஒரே செல்லாகின்றன. அது தடித்த உறையினுள் வறட்சியைக் கடக்கும். நற்காலம் வந்ததும் அதிலிருந்து நான்கு செல்கள் வெளிவரும்.

இதனைத் தியாகம் என்றும் காதல் என்றும் வருணிப்போர் உண்டு. பாடம் நடத்த அது உதவலாம், உண்மைக்கு உதவாது. நமக்குரிய வினா வேறு. உயிர் பிளவுபடாது, பிறிதோர் உயிருடன் கலவாது என்பது நம் கொள்கை. அங்ஙனமாயின், இரண்டு ஒன்றானபோது ஓருயிர் மாண்டதா? ஒன்று நான்கானபோது ஏனைய மூன்றும் எங்கிருந்து வந்தன?

கலந்தவை உடல்களே என்பது ஒரு விடை. ஓருடலில் எண்ணிறந்த உயிர்கள் உறையும் நிகோத நிலையை நம் நூல்கள் பேசுகின்றன. ஆகவே ஓருடலுக்கு ஓருயிர் என்னும் கணக்கு நம்மவர்க்கு என்றுமே கட்டாயமாக இருந்ததில்லை. (இதைக்கொண்டு, நுண்ணோக்கி காட்டுவதையெல்லாம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது எனக்கு உடன்பாடன்று.)

எண்ணிக்கையே தெளிவாகாதபோது கொல்லாமைக்கு ஆதாரம் எது என்று இளைஞர் கேட்கின்றனர். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது மாண்ட உயிர்களை எண்ணச் சொல்லவில்லை. பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிர்க்கு இழைக்கப்படும் ஊறு என்றே கூறுகிறது. நீரை வடிகட்டி, துணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே திரும்ப விடும் வழக்கம் அவ்விழிப்பின்பாற்பட்டது. ஆயினும் இப்பாசி மடித்த துணியின் கண்களினூடும் எளிதிற் புகுந்துவிடும். அதை அறிந்த பின்னும் நான் வடிகட்டியே பருகுகிறேன். பின்னர்க் காய்ச்சவும் செய்கிறேன். காய்ச்சுகையில் என்ன நேர்கிறது என்னும் வினா மட்டும் என்னைவிட்டு அகலவில்லை.