செதிற்காலும் மாக்கோழியும்

போடிநாயக்கனூரில் நம் அண்டை வீட்டு அம்மையார் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். அவருடைய கிழக்கோழி ஒன்று முட்டையிடுவதை நிறுத்தியதோடு, நடக்கவும் மாட்டாமல் மூலையில் ஒதுங்கிற்று. "இனி இது குழம்புக்குத்தான் ஆகும், டீச்சர்" என்றார். நாம் அதனைக் கேட்டுப் பெற்றுக்கொண்டோம்.

ஒரு விரலின் நகம் வளைந்து நீண்டிருந்தது. உள்ளோடும் குருதிநாளம் படாமல் அதன் நுனியை நறுக்கினோம், அதில் ஐயமில்லை. ஆனால் கால்களில் செதில்கள் தூக்கிக்கொண்டு, அடியில் சுண்ணாம்புபோற் பொருக்குத் தட்டியிருந்தது. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத உண்ணிகள் செதிலுக்கடியிற் குடைந்து, அங்கேயே பெருகுவதால் வரும் நோய் இது. முற்றவிட்டால் விரல்களே அழிந்துபோதலும் உண்டு. மருத்துவம் எளிது: வெதுவெதுப்பான சோப்பு நீரிற் காலை ஊறவைத்து, மெல்லத் தேய்த்து, எண்ணெய் பூசி, வாரக்கணக்கில் தொடரவேண்டும். (மண்ணெண்ணெயில் முக்குவாரும் உளர், அது தோலைப் புண்ணாக்கும்.) எண்ணெய் எவ்வாறு குணமாக்குகிறது? உண்ணிகளை மூச்சடைக்கச் செய்து கொல்கிறது.

ஓர் ஐயறிவுயிரைக் காக்க எண்ணற்ற சிற்றுயிர்களை மாய்க்கலாமா?

கோழி குழம்பானால் உண்ணிகளும் உடன் மாயும், ஆதலால் ஒன்றையேனும் காப்பதே ஆதாயம் எனலாம். நமக்கு மனம் ஒப்பவில்லை. விடையை முதலில் எழுதிவிட்டு வழியைப் பின்னர் இட்டு நிரப்பும் மாணவரை நாம் நிறையக் கண்டிருக்கிறோம்.

யசோதர காவியம் நம் இல்லங்களில் அறியாதார் இலர். யசோதரனும் தாய் சந்திரமதியும் பலியிட்டது மாவினாற் செய்த கோழியை. அதில் உயிரில்லை, கொல்லும் எண்ணம் இருந்தது. அவ்வெண்ணமே அவர்களைப் பல விலங்குப் பிறவிகளில் தள்ளிற்று, கோழிகளாகவும் பிறந்தனர். இங்கோ உயிர் உண்டு. கொல்லும் எண்ணம் இல்லை. முதல்நாள் எண்ணெய் பூசியபோது இவ்வாறே ஆறுதல் கொண்டோம். ஆனால் மறுவாரம், என்ன நேரும் என்று நன்கறிந்தே மீண்டும் கிண்ணத்தை எடுத்தோமே, அப்போதும் எண்ணமில்லை என்பது மெய்யாகுமா? இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்பட்டது சங்கல்ப இம்சை. சமையல், தொழில், தற்காப்பு இவற்றில் நேர்வன வேறு. நம் செயல் இவற்றுள் எதிலும் செவ்வனே பொருந்தவில்லை.

ஆயினும் பூசினோம். பழியற்றது என்று சொல்லாமலே பூசினோம். மாலைப் பிரதிக்கிரமணத்தில் அதனையும் சேர்த்துக்கொண்டோம்.

கோழி இப்பொழுது முற்றத்தில் நொண்டி நொண்டி நடக்கிறது. உண்ணிகள் ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவன. அம்மையாரின் மற்றக் கோழிகளுக்குக் கால்கள் தெளிவாகவே உள்ளன. அவை அடையும் கூட்டை ஈரமின்றித் துப்புரவாக வைக்கச் சொல்லியிருக்கிறோம். அவற்றுக்கு எண்ணெய்க் கிண்ணம் வேண்டியிராது.