விட்டுக்கொடுப்பதும் விட்டுக்கொடுக்கலாகாததும்

பெருங்கூட்டத்தை விதிகள் நடத்துகின்றன. சிறு குழுவை மனங்கள் நடத்துகின்றன. ஆயிரம் பேர் கூடும் இடத்தில் ஒருவரது முகச்சுளிப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை. பத்துப் பேர் அமர்ந்து பேசும் அறங்காவலர் கூட்டத்திலோ, ஆசிரியர்களின் ஓய்வறையிலோ, மகளிர் சுய உதவிக் குழுவிலோ அதே முகச்சுளிப்பு ஒரு நல்ல கருத்தைச் சொல்லவிடாமல் அடக்கிவிடும். அண்ணன் தம்பிகள் கூடிப் பேசும் குடும்பத்திலும் இதுவே நிலை. ஆகவே சிறு குழுக்களில் பிரச்சினைகள் தீராமல் நீடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அறிவுக் குறைவு அன்று. கூடியிருப்போர் ஒவ்வொருவரும் நல்லவராகவும் கற்றவராகவும் இருந்தும் குழு பிளவுபடுவதுண்டு. பிளவுக்கு அஞ்சி எல்லோரும் தலையசைத்து, தவறான முடிவை ஒருமனதாக எடுப்பதும் உண்டு.

இவ்விரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே ஓர் அறவியல் கேள்வி நிற்கிறது. குழுவின் ஒற்றுமைக்காக ஒருவன் எதை விட்டுக்கொடுக்க வேண்டும்? எதை விட்டுக்கொடுக்கலாகாது? பௌத்த சங்க வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சி இக்கேள்வியைத் தெளிவாக ஆராய்வதற்கு உதவுகிறது.

ஒரு பாத்திரத்து நீர்

யமுனைக் கரையில் அமைந்திருந்த கௌசாம்பி, வத்ச நாட்டின் தலைநகரம். இன்றைய பிரயாக்ராஜ் நகருக்கு அருகே அதன் இடிபாடுகள் உள்ளன. அங்கிருந்த கோசிதாராமம் என்ற விகாரையில் இரண்டு ஆசான்கள் வாழ்ந்தனர். ஒருவர் தர்மத்தை எடுத்துரைப்பதில் வல்லவர். மற்றவர் வினயம் எனப்படும் ஒழுக்க விதிகளில் தேர்ந்தவர். இருவருக்கும் மாணவர்கள் ஏராளம்.

தம்மபத உரை இந்நிகழ்ச்சியை விவரிக்கிறது. ஒருநாள் தர்ம ஆசான் கழிப்பிடத்தில் பயன்படுத்திய நீரின் எஞ்சிய பகுதியைப் பாத்திரத்திலேயே விட்டு வந்தார். அது குற்றம் என்று வினய ஆசான் சுட்டிக்காட்டியதும், அதற்குரிய பரிகாரத்தைச் செய்வதாக அவர் ஒப்புக்கொண்டார். தெரியாமல் செய்திருந்தால் குற்றமில்லை என்று வினய ஆசான் கூறவே, அவரும் அமைதியாகச் சென்றுவிட்டார். விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வினய ஆசான் தம் மாணவர்களிடம், அவர் குற்றம் செய்தும் அதை உணராதவர் என்று பேசினார். அந்த மாணவர்கள் அதை மற்றவரின் மாணவர்களிடம் கூறினர். அவர்கள் தம் ஆசானிடம் கூறினர். ‘அன்று குற்றமில்லை என்றவர் இன்று குற்றம் என்கிறாரே, அவர் பொய்யர் அல்லவா!’ என்று அவரும் சினந்தார். விகாரை இரண்டாகப் பிளந்தது.

பிளவு எங்கே தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது. நேருக்கு நேர் பேசிய போது பிரச்சினை தீர்ந்திருந்தது. சம்பந்தப்பட்டவரை விட்டு மூன்றாமவரிடம் பேசிய போதுதான் அது வளர்ந்தது. ஒரு சொல் கைமாறும்போது, அதைச் சொன்னவரின் தொனியும் சூழ்நிலையும் உதிர்ந்துவிடுகின்றன. குற்றச்சாட்டு மட்டும் எஞ்சுகிறது.

புத்தர் இரு தரப்பினரையும் தனித்தனியே சந்தித்ததாக வினய பிடகத்தின் மகாவக்கம் கூறுகிறது. குற்றம் சாட்டி விலக்கியவர்களிடம், இச்செயலால் சங்கம் பிளவுபடும் என்பதை எண்ணிப் பார்க்குமாறு கூறினார். விலக்கப்பட்டவர்களிடம், பிறர்மீது வைத்த நம்பிக்கையின் பொருட்டேனும் குற்றத்தை ஏற்குமாறு கூறினார். ஒவ்வொரு தரப்புக்கும் அதன் கடமையை மட்டுமே நினைவூட்டினார். எதிர்த்தரப்பின் தவறை எவரிடமும் எடுத்துரைக்கவில்லை. ஆயினும் பிக்குகள் கேட்கவில்லை. இந்தச் சச்சரவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், தாங்கள் அமைதியாக இருங்கள் என்றே அவரிடம் கூறிவிட்டனர். புத்தர் கௌசாம்பியை விட்டு நீங்கினார்.

நிரம்பிய குடம்

அவ்வாறு சென்ற வழியில் அவர் மற்றொரு சிறு குழுவைக் கண்டார். அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூன்று பிக்குகள் ஒரு வனத்தில் சேர்ந்து வாழ்ந்து வந்தனர். அவர்கள் பாலும் நீரும் கலந்தாற்போல ஒன்றி வாழ்ந்தனர். அது எப்படி இயல்கிறது என்று புத்தர் வினவினார். தம் மனத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற இருவரின் மனத்திற்கேற்ப நடப்பதாக அனுருத்தர் பதிலளித்தார். மற்ற இருவரும் அவ்வாறே கூறினர்.

அவர்களது அன்றாட வாழ்க்கையையும் நூல் விவரிக்கிறது. பிச்சை ஏற்று முதலில் திரும்புபவர் ஆசனங்களை இட்டு நீரை எடுத்து வைப்பார். கடைசியில் வருபவர் இடத்தைத் துப்புரவு செய்வார். குடிநீர்க் குடமோ, கழிப்பிடத்து நீர்க்குடமோ காலியாக இருப்பதைக் காண்பவர் எவரோ அவரே அதை நிரப்புவார். தனியே தூக்க முடியாவிட்டால் கைச்சாடையால் இன்னொருவரை அழைப்பார்.

கௌசாம்பியில் கழிப்பிடத்துப் பாத்திரத்தில் எஞ்சிய நீர் ஒரு சங்கத்தையே பிளந்தது. இங்கே கழிப்பிடத்துக் குடம் ஒரு சொல்லும் இன்றி நிரம்பியது. யார் காலி செய்தது என்று அங்கே கேட்டிருப்பார்கள். காலியாக இருக்கிறது என்பது மட்டுமே இங்கே போதுமானதாக இருந்தது. பிரச்சினையைத் தனக்கும் பிறருக்கும் இடையே வைப்பது ஒரு மனநிலை. தானும் பிறரும் ஒரு பக்கம் நின்று பிரச்சினையை எதிரே வைப்பது மற்றொரு மனநிலை. சிறு குழுவின் வெற்றி இந்த இரண்டாவது மனநிலையில் இருக்கிறது.

அடக்கமும் அச்சமும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். எல்லோரும் தம் மனத்தை ஒதுக்கி வைத்துவிட்டால் உண்மையைச் சொல்பவர் யார்? ஒத்துப்போதல் எப்போதும் நற்பண்பாகுமா?

1951-இல் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமான நீளமுள்ள கோட்டை மூன்று கோடுகளிலிருந்து எடுத்துக் கூறுமாறு ஒரு சிறு குழுவினர் கேட்கப்பட்டனர். அக்குழுவில் ஒருவரைத் தவிர ஏனையோர் முன்னேற்பாட்டின்படி வேண்டுமென்றே தவறான விடையைக் கூறினர். விடை கண்ணெதிரே தெளிவாகத் தெரிந்தும், அந்த ஒருவர் கூறிய விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பிறர் கூறிய தவறோடு ஒத்திருந்தது. ஆனால் குழுவில் வேறொருவர் சரியான விடையைச் சொன்னபோது, இந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. தனித்து நிற்பதற்கான அச்சமே மனிதனை மௌனமாக்குகிறது. ஒரே ஒரு குரல் அந்த அச்சத்தைப் பெரிதும் போக்கிவிடுகிறது.

இந்த உண்மையை மகாபாரதம் மிக உருக்கமாகக் காட்டுகிறது. அஸ்தினாபுரத்து அவையில் திரௌபதி ஒரு கேள்வி கேட்டாள்: தன்னையே இழந்துவிட்ட ஒருவருக்குத் தன்னைப் பணயம் வைக்கும் உரிமை ஏது? தர்மம் நுட்பமானது என்று கூறிப் பீஷ்மர் முடிவு சொல்லாது நின்றார். ஆன்றோர் பலர் வாய் திறக்கவில்லை. கௌரவர்களில் இளையவனான விகர்ணன் எழுந்து நியாயத்தைச் சொன்னான். தர்மம் அறிந்தும் அவையில் பேசாதிருப்பவர் அதர்மத்தில் பங்கு பெறுகிறார் என்று விதுரர் எச்சரித்தார். அந்த அவையில் அறிவுக்குப் பஞ்சமில்லை. விகர்ணனுக்குத் துணையாக எழுந்த குரல்களுக்கே பஞ்சம்.

அப்படியானால் அனுருத்தர் ஒதுக்கி வைத்தது எது? முதலில் யார் உண்பது, யார் துப்புரவு செய்வது, எவர் வசதிக்கு எது என்ற விருப்பு வெறுப்புகளை அவர் ஒதுக்கினார். உண்மையை அவர் ஒதுக்கவில்லை. ஏனெனில் அம்மூவரும் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை இரவு முழுதும் அமர்ந்து தர்மத்தைப் பற்றிக் கலந்துரையாடினர் என்று அதே நூல் கூறுகிறது. குடத்தைப் பற்றி மௌனம், தர்மத்தைப் பற்றிப் பேச்சு. பெரும்பாலான குழுக்களில் இது தலைகீழாக நடக்கிறது. சொந்த வசதியைப் பற்றி உரத்த பேச்சும், நியாயத்தைப் பற்றி மௌனமும் அங்கே நிலவுகின்றன.

‘என்னுடையது’ என்பதை விட்டுக்கொடுப்பது அடக்கம். ‘உண்மை’ என்று தான் அறிந்ததை விட்டுக்கொடுப்பது அச்சம். வெளித்தோற்றத்தில் இரண்டும் மௌனமாகவே தெரிவதால், ஒருவன் தன் அச்சத்தையே அடக்கம் என்று எண்ணி ஏமாற இடமுண்டு.

முள்வேலியும் முளையும்

எப்படிப் பேச வேண்டும் என்பதையும் இந்தியத் தத்துவ மரபு ஆழ்ந்து சிந்தித்துள்ளது. நியாய தரிசனம் உரையாடலை மூன்றாக வகுக்கிறது. உண்மையை அறிவதற்காக இரு தரப்பினரும் சான்றுகளோடு பேசுவது வாதம். எவ்வழியிலேனும் வெல்வதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையை நிலைநாட்டாமல் பிறர் கொள்கையை இடிப்பதே நோக்கமாகப் பேசுவது விதண்டை. ஆசிரியர், மாணவர், உடன் பயில்வோர், நன்மை நாடுவோர் ஆகியோருடன் வாதமே புரிய வேண்டும் என்றும், அவர்கள் பொறாமையற்றவர்களாக இருக்க வேண்டும் என்றும் நியாய சூத்திரம் வலியுறுத்துகிறது. ஜல்பமும் விதண்டையும் முளைவிட்ட பயிரைக் காக்கும் முள்வேலி போன்றவை என்பது அதன் உவமை. வேலி வயலின் ஓரத்தில் இருக்க வேண்டியது. அதை வயலின் நடுவே நட்டால் பயிருக்கு இடமிருக்காது.

மருத்துவ நூலான சரக சம்ஹிதையும் இவ்வாறே பகுத்துரைக்கிறது. மருத்துவர்கள் தமக்குள் உரையாடுவது நட்புரையாடல், பகையுரையாடல் என இருவகைப்படும். நட்புரையாடலில் ஒருவர் தயக்கமின்றிப் பேச வேண்டும், தயக்கமின்றிக் கேட்க வேண்டும். தோற்றுவிடுவோமோ என்று அஞ்சலாகாது, வென்றுவிட்டோம் என்று களிக்கவும் கூடாது. நோயாளியின் உயிர் நடுவில் இருக்கும்போது, எந்த மருத்துவர் வென்றார் என்பது பொருளற்றதாகிவிடுகிறது. ஒவ்வொரு குழுவின் நடுவிலும் அத்தகைய ஒரு ‘நோயாளி’ உண்டு. பள்ளிக் குழுவில் அது ஒரு குழந்தை. குடும்பத்தில் அது முதிய தாயாக இருக்கலாம்.

மும்முறை கேட்டல்

நல்ல மனம் மட்டும் போதாது, நல்ல முறையும் வேண்டும் என்பதைப் பௌத்த சங்கம் உணர்ந்திருந்தது. முக்கியமான ஒரு தீர்மானம் சங்கத்தின் முன் வைக்கப்பட்டால், அது மும்முறை அறிவிக்கப்படும். உடன்படுபவர் மௌனமாக இருக்கலாம். உடன்படாதவர் பேச வேண்டும். இங்கே மௌனம் சம்மதம்தான். ஆனால் அது மும்முறை வாய்ப்புத் தந்து கேட்ட பிறகு கிடைக்கும் சம்மதம். ‘யாரும் மறுக்கவில்லையே’ என்று அவசரமாக முடிவு செய்வது வேறு, மறுப்பதற்கு இடம் தந்து காத்திருப்பது வேறு.

கருத்து வேறுபாடு நீங்காதபோது குச்சிகளை எடுத்து வாக்களிக்கும் முறையும் இருந்தது. விருப்பம், வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகியவற்றால் சாயாத ஒருவரே அக்குச்சிகளை வழங்கத் தகுதியுடையவர். சச்சரவு முற்றி இரு தரப்பினரும் தகாத பல சொற்களைப் பேசிவிட்டால், ‘புல்லால் மூடுதல்’ என்ற முறை கைக்கொள்ளப்பட்டது. ஒவ்வொன்றாகக் கிளறினால் புண் மேலும் புண்ணாகும் என்பதால், இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் எழுந்து, தம் தரப்பினர் அனைவரின் சார்பிலும் குற்றத்தை ஒப்புக்கொள்வார். பெருங்குற்றங்களுக்கு இது பொருந்தாது. சுடுசொற்களை மறக்கலாம், பெரும் அநீதியை மூடலாகாது என்ற விவேகம் அதில் இருந்தது.

உண்மையான ஒற்றுமை

கௌசாம்பிக்கு என்ன நேர்ந்தது? புத்தர் சென்றுவிட்டதை அறிந்த நகர மக்கள் அந்தப் பிக்குகளை வணங்குவதையும் அவர்களுக்கு உணவளிப்பதையும் நிறுத்தினர். வேறு வழியின்றிப் பிக்குகள் சிராவஸ்திக்குப் புறப்பட்டனர். அங்கே விலக்கப்பட்ட பிக்கு தம் செயலை விதிகளோடு ஒப்பிட்டுத் தாமே ஆராய்ந்து, அது குற்றமே என்று தெளிந்தார். தம்மை விலக்கியவர்களிடம் அதைத் தெரிவித்தார். சங்கம் மீண்டும் ஒன்றுபட்டது.

அப்போது உபாலி என்ற பிக்கு புத்தரிடம் ஒரு கேள்வி கேட்டார். பிரச்சினையை ஆராயாமல், அதன் வேரை அடையாமல், சங்கம் சமரசம் செய்துகொண்டால் அந்த ஒற்றுமை தர்மத்திற்கு உகந்ததா? இல்லை என்று புத்தர் விடையளித்தார். சொல்லளவில் மட்டும் ஒற்றுமையாக இருப்பது ஒன்று, பொருளளவிலும் ஒற்றுமையாக இருப்பது மற்றொன்று என அவர் வேறுபடுத்திக் காட்டினார்.

பிளவினால் அவ்வளவு துன்பம் கண்ட பிறகும், ஆராயாத அமைதியை அவர் ஏற்கவில்லை என்பது எண்ணத்தக்கது. குழுவில் அமரும் ஒவ்வொருவரும் பேசத் தொடங்கும் முன்பும், மௌனமாக இருக்கத் தீர்மானிக்கும் முன்பும், ஒரே கேள்வியைத் தம்மைக் கேட்டுக்கொள்வது நன்று: இப்போது விட்டுக்கொடுக்கப் போவது என்னுடையதையா, உண்மையையா? என்னுடையது எனில் மகிழ்ச்சியோடு விட்டுவிடலாம். உண்மை எனில், சம்பந்தப்பட்டவர் முகத்தைப் பார்த்து, வெல்லும் ஆசையின்றி, இனிய சொல்லால் அதைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு, காலியாக இருக்கும் குடத்தை நிரப்பவும் அவரே முதலில் எழ வேண்டும்.