காகிதத்தில் ஒரு சூனியக்காரி

 



சில ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல்லை அடுத்த ஒரு மஹல்லாவில் நான் இமாமாக இருந்தேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அஸருக்குப் பிறகு ஒரு தாய், மக்தபில் ஓதும் தன் மகளை அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கையில் பாதி கிழிந்த ஒரு நோட்டு.

"ஹஜ்ரத், இவ வரையிறதைப் பாருங்க. சூனியக்காரியை வரையிறா. பாதியைக் கிழிச்சுட்டேன். மிச்சத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அனிமே என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்த ஜப்பானியக் கார்ட்டூன் பாணி. முகத்தில் பாதிக்குக் கண்கள். காற்றில் பறக்கும் முடி, தரை வரை புரளும் நீல அங்கி, கையில் ஒளி வீசும் கல் பதித்த தடி. ஒரு கை மட்டும் அங்கிக்குள் மறைந்திருந்தது. ஏனம்மா என்றேன். "கை வரையத்தான் வரமாட்டேங்குது ஹஜ்ரத்" என்றாள். 13 வயதுப் பிள்ளை.

இந்த வகைக் கதாபாத்திரம் புதிதல்ல. மந்திரம் செய்யும் சிறுமியை நாயகியாக வைத்து, 'மந்திரக்காரி சாலி' என்ற தொடரை 1966லேயே ஜப்பான் தொலைக்காட்சி காட்டியது. நாமும் 1947ல் தொடங்கிய அம்புலிமாமாவில் வேதாளத்தையும் மந்திரவாதியையும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. நான் ஒளித்து வைத்துப் படித்திருக்கிறேன்.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றிய எச்சரிக்கை ஹதீஸ்களில் கடுமையாகவே வந்திருக்கிறது. பெரும்பாலான இமாம்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள். மாலிக்கி மத்ஹபில் பலர், நிழல் விழும் சிலையைத் தடுத்துவிட்டு, துணியிலும் காகிதத்திலும் உள்ள உருவத்தை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினார்கள். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்குத் தனிச் சலுகை உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே, துணியால் இரண்டு இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாக நீங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டதும், கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. உலகில் இல்லாத ஒன்றைப் பிள்ளை மனம் கற்பனை செய்ததற்கு அங்கே கிடைத்தது சிரிப்பு.

சூனியம் செய்வதோ அழித்தொழிக்கும் ஏழு பெரும்பாவங்களில் ஒன்று. அதில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் கதையில் வரும் மந்திரக்காரியை வரைந்த பிள்ளை சூனியம் செய்தவளாகி விடுவாளா? வரையலாமா என்பது ஒரு கேள்வி. அது சூனியமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இது எந்தக் கதையில வர்ற ஆளும்மா?" என்று கேட்டேன்.

பிள்ளை தாயைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க சின்னம்மா ஹஜ்ரத். அவங்கதான் சூனியக்காரின்னு வீட்டுல சொல்றாங்க."

சகோதரர்களே, விஷயம் இதுதான். அத்தாவின் வியாபாரம் படுத்திருக்கிறது. தகடு எடுத்துத் தருகிறேன் என்ற ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, உங்கள் குடும்பத்துப் பெண்தான் செய்வினை வைத்தாள் என்று சொல்லியிருக்கிறார். அன்றோடு தம்பி வீட்டோடு பேச்சு நின்றுவிட்டது. பிள்ளை மட்டும் தன் சின்னம்மாவை, வீட்டில் சொன்ன பெயரிலேயே, தன்னால் முடிந்த அளவு அழகாக வரைந்து வைத்திருக்கிறாள்.

குறிகாரனிடம் போய்க் கேட்டவருடைய நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. அந்தத் தாய் அதற்காக என்னிடம் வரவில்லை. நோட்டுக்காக வந்தார். அவரை மட்டும் சொல்லவில்லை, நம்மில் எத்தனை பேர் அப்படி!

அல்பகறா அத்தியாயத்தின் 102வது வசனத்தை நிதானமாக ஓதிப் பாருங்கள். சூனியக்காரர் என்று சுலைமான் நபி மீது போடப்பட்ட பழியை அல்லாஹ்வே நீக்குகிறான். அதே வசனத்தில், கணவனையும் மனைவியையும் பிரிக்கும் வித்தையை மக்கள் கற்றார்கள் என்றும் சொல்கிறான். குடும்பத்தைப் பிரிப்பதுதான் சூனியத்தின் வேலை. இந்த வீட்டில் எலுமிச்சம்பழமும் முடியும் எதையும் பிரிக்கவில்லை. 'சூனியக்காரி' என்ற சொல் பிரித்துவிட்டது. மூஸா நபியையும் நம் நபியையும் எதிரிகள் அழைத்ததும் இதே சொல்லால்தான்.

நபியவர்களுக்கே லபீத் என்பவன் சூனியம் செய்தான். சீப்பும் முடியும் கிடந்த கிணறு வரை அல்லாஹ் அறிவித்துக் கொடுத்தான். செய்தவன் யாரென்று வஹீ மூலம் உறுதியாகத் தெரிந்தும், அல்லாஹ் எனக்குச் சுகம் தந்துவிட்டான், மக்களிடையே தீமையைக் கிளறிவிட விரும்பவில்லை என்று விட்டுவிட்டார்கள். தகடு எடுப்பவர் சொன்னதை நம்பும் நமக்கு என்ன உறுதி இருக்கிறது?

இந்தச் சொல்லால் நம் நாட்டில் பெண்கள் அடித்தே கொல்லப்பட்டிருக்கிறார்கள். அதைத் தடுக்க 1999ல் பீகாரும், 2001ல் ஜார்க்கண்டும், 2013ல் ஒடிசாவும் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நம் பக்கம் அடி விழுவதில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போவதில்லை, அவ்வளவுதான்.

உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் தீர்ப்புக் கேட்டு வந்தார். அவர்கள் அந்த மனிதரை அருகே வரச் சொல்லி, தலையில் கை வைத்து, ஹதீஸைச் சொன்னார்கள். வரைந்துதான் ஆக வேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாத பொருட்களையும் வரையுங்கள் என்று வழியும் காட்டினார்கள். நோட்டைக் கிழிப்பதற்கு முன் நாம் கற்க வேண்டிய அதபு இது. பிள்ளையிடம் நானும் அதைத்தான் சொன்னேன். "மலைக்கோட்டையை வரையலாமா ஹஜ்ரத்?" என்றாள். தாராளமாக வரையம்மா என்றேன்.

தாயிடம், அந்தச் சின்னம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த பெருநாளன்று இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத் திடலுக்கு வந்ததைப் பார்த்தேன். நான் அந்த ஊரை விட்டு வரும்வரை பெரியவர்கள் பேசிக்கொள்ளவில்லை.