ஆறடிக் கயிற்றின் அறம்

செயலைச் செய்தவனையே அச்செயலுக்குப் பொறுப்பாக்க வேண்டும் என்பது நீதியின் தொன்மையான கோட்பாடு. ஆனால், முன்பின் அறியாத ஒருவர் நம் வாயிலில் வந்து நிற்கும்போது, அவர் இனி என்ன செய்வார் என்பதை எங்ஙனம் அறிவது? அறிவதற்குக் காலமில்லாதபோது, அவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதைக் கொண்டு அவரைக் கணிப்பது முறையாகுமா? பழமையான இவ்வினா நீதிமன்றங்களில் மட்டுமன்றி, மிகச் சிறிய இடங்களிலும் எழுகின்றது. அத்தகைய சிறிய இடம் ஒன்றை, ஐக்கிய அமெரிக்க நாட்டின் நெடுஞ்சாலையோர முகாம் திடலை, இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். அங்கே வாயிலில் வந்து நிற்பவர் தனியே நிற்பதில்லை. அவருடன் ஒரு நாயும் நிற்கின்றது.

அந்நாட்டில் 'ஆர்.வி.' எனச் சுருக்கி அழைக்கப்படும் வாகனம் சக்கரங்களின்மேல் அமைந்த வீடாகும். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை யாவும் அதனுள் அடங்கும். அத்தகைய வாகனங்கள் வந்து தங்குவதற்கென மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுடன் அமைக்கப்பட்டவை ஆர்.வி. பூங்காக்கள். கூடாரம் அடித்துத் தங்குவோருக்கான முகாம் திடல்களும் பல உள்ளன. சில தனியாருக்கு உரியவை. சில தேசியப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் அரசால் நடத்தப்படுபவை.

இவற்றுக்கு விடுமுறையைக் கழிக்க வருவோர் ஒருபுறம் இருக்க, ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழ்வோரும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், முதுமையில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு பருவகால வேலைகளைத் தேடி அலைந்த மக்களைப் பற்றி ஜெசிகா ப்ரூடர் 2017-இல் 'நோமாட்லேண்ட்' என்னும் நூலை எழுதினார். துணைவரை இழந்து, பிள்ளைகளிடமிருந்தும் விலகி, ஊர்விட்டு ஊர் செல்லும் ஒருவருக்கு நாய் என்பது பொழுதுபோக்கு அன்று, வழித்துணை. இளைய தோபியா நெடும்பயணம் புறப்பட்டபோது அவருடன் ஒரு நாயும் சென்றது என்று தோபித்து ஆகமம் குறிப்பிடுவதை நம் வாசகர் அறிவர். அந்த நாய் அங்கே அருஞ்செயல் எதையும் செய்யவில்லை. உடன் சென்றது, அவ்வளவே. வழித்துணைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை போலும்!

விதிகளும் பட்டியலும்

முகாம் திடல்களின் விதித்தாளில் வளர்ப்பு விலங்குகளுக்கென ஒரு பகுதி தவறாமல் இருக்கும். இடத்துக்கு இடம் வேறுபட்டாலும் அதன் சாரம் பெரும்பாலும் ஒன்றே. நாயை 6 அடிக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். அதன் கழிவை உரியவரே அள்ளி அகற்ற வேண்டும். வெளியே கட்டிப்போட்டுவிட்டுச் செல்லலாகாது. இரவின் அமைதி நேரத்தில் குரைக்க விடலாகாது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்கான சான்றையும் சிலர் கேட்பர். இத்தனை விலங்குகளுக்கு மேல் கூடாது என எண்ணிக்கையும் வகுப்பர்.

இவற்றுடன், தனியார் திடல்கள் பலவற்றில் வேறொரு விதியும் காணப்படும். பிட் புல், ராட்வைலர், டோபர்மேன் முதலிய இனங்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவ்வினத்து நாய்களுக்கு இடமில்லை என்று அது கூறும். முன்னைய விதிகள் 'இதைச் செய்', 'இதைச் செய்யாதே' என்கின்றன. இந்த விதியோ 'நீ யார்?' என்று கேட்கின்றது. நம் சிந்தனைக்குரிய வேறுபாடு இங்கேதான் உள்ளது.

பட்டியலை ஆதரிப்போரின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. திடலில் வாகனங்கள் ஒன்றுக்கொன்று சில அடி இடைவெளியில் நிற்கின்றன. நடுவே குழந்தைகள் மிதிவண்டி ஓட்டுகின்றனர். முன்பு ஒருமுறை நாய்க்கடிபட்டு, இன்றும் குரைப்பொலி கேட்டால் நடுங்கும் ஒருவர் பக்கத்து வண்டியில் இருக்கலாம். விடியுமுன் புறப்பட வேண்டிய முதியவர் உறங்க முயலலாம். இவர்களும் கட்டணம் செலுத்திய விருந்தினரே. நாயுடன் வருபவர் தம் வழக்கை வாயிலில் நின்று உரைக்கிறார். இவர்களோ உள்ளே இருக்கின்றனர், இவர்களுக்காக அங்கே பேசுவார் இல்லை. விருந்தோம்புவோன் இவர்களுக்காகவும் சிந்திக்கக் கடமைப்பட்டவன் அன்றோ? மேலும், உடல் வலிமை மிக்க பெரிய நாய் கடித்தால் விளையும் காயமும் பெரிது. ஓரிரவு மட்டுமே தங்கும் நாயின் குணத்தை ஆராய அவனுக்கு நேரமும் இல்லை, ஆற்றலும் இல்லை. இது கருத்தில் கொள்ளத்தக்க வாதமே.

எனினும் மூன்று குறைகள் இப்பட்டியலில் உள்ளன.

முதலாவது, இனம் என்பது நாம் எண்ணும் அளவுக்குக் குணத்தை உரைப்பதில்லை. 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரியவர்கள் தந்த விவரங்களை மரபணு ஆய்வுடன் இணைத்து நோக்கியது. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தால் விளக்க முடியும் என்பது அதன் முடிவு. அதுவும் தூய இனம் என்று உறுதியாகத் தெரிந்த நாய்க்கு. கலப்பின நாயின் முகத்தைப் பார்த்து வாயிலில் இருப்பவர் இனம் கூறுவது வெறும் ஊகமே.

இரண்டாவது, பட்டியல் உண்மை பேசுபவரையே தண்டிக்கின்றது. தம் நாயின் இனத்தை மறையாமல் சொன்னவர் அந்தி நேரத்தில் திருப்பி அனுப்பப்படுகிறார். 'ஏதோ கலப்பினம்' என்று மழுப்பியவர் உள்ளே செல்கிறார். பொய்க்குப் பரிசளிக்கும் விதி, நல்ல நோக்கத்துடன் இயற்றப்பட்டதாயினும், மக்களைத் தீய வழியில் பயிற்றுகின்றது.

மூன்றாவது குறையே நமக்கு மிகவும் கவலை தருவது. பட்டியலை வகுத்தவர் பெரும்பாலும் திடலின் உரிமையாளர் அல்லர். நாய்க்கடி வழக்குகளில் இழப்பீடு வழங்க நேரிடும் காப்பீட்டு நிறுவனங்களின் நிபந்தனையே பல இடங்களில் அதற்குக் காரணம். எனவே, "ஏன் எனக்கு இடமில்லை?" என்று கேட்பவருக்கு, "விதி என்னுடையது அன்று" என்ற மறுமொழியே கிடைக்கின்றது. மறுப்பவர் விதியை இயற்றவில்லை. இயற்றியவர் மறுக்கப்பட்டவரின் முகத்தைக் காண்பதில்லை. இவ்வாறு இருவருக்கும் இடையே பொறுப்பு எங்கோ நழுவிவிடுகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நாயினப் பட்டியலை, மனிதரைப் பிறப்பால் விலக்கும் கொடுமையுடன் ஒப்பிட்டுப் பேசுவோர் உளர். அவ்வொப்பீடு பொருந்தாது. நாயினங்கள் மனிதன் தன் தேவைக்கெனத் தேர்ந்து பெருக்கியவை. தன் இனத்தின் பெயரால் விலக்கப்பட்டதை எண்ணி நாய் நாணுவதும் இல்லை. மனிதரின் மாண்போ எவ்வகைப் பட்டியலுக்கும் அப்பாற்பட்டது. இரண்டையும் ஒன்றாக்கினால் சிறுமைப்படுவது மனிதர் அடைந்த துன்பமே. பட்டியலால் இழைக்கப்படும் அநீதி நாய்க்கு அன்று, அதனுடன் வாழும் மனிதருக்கே.

"என் நாய் அப்படிப்பட்டது அன்று"

பட்டியலைக் குறைகூறுவோர், தம் சொந்த மதிப்பீட்டை நம்ப வேண்டும் என்று கேட்கும்போது மற்றொரு தவற்றுக்கு ஆளாகின்றனர். இதனை ஜான் ஸ்டீன்பெக் தம்மையே எடுத்துக்காட்டாக்கி நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். 1960-இல் அவர் 'ரோசினாந்தே' எனப் பெயரிட்ட வண்டி வீட்டில், சார்லி என்னும் பூடில் நாயுடன் நாட்டைச் சுற்றி வந்தார். 1962-இல் வெளியான 'டிராவல்ஸ் வித் சார்லி' அப்பயணத்தின் பதிவு. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வாயிலில் காவலர் நாயைப் பற்றி எச்சரித்தபோது, சார்லி சண்டையை நாடாத சாது என்று அவர் உறுதி கூறினார். உள்ளே சிறிது தூரம் சென்றதும் ஒரு கரடி எதிர்ப்பட்டது. சாதுவான சார்லி வண்டிக்குள்ளேயே வெறிகொண்டு கத்தலாயிற்று. ஸ்டீன்பெக் பூங்காவைப் பாராமலே திரும்ப நேர்ந்தது.

பூடில் எந்தப் பட்டியலிலும் இடம்பெறும் நாய் அன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். உரிமையாளரும் பொய் உரைக்கவில்லை. வீட்டில் கண்ட நாயை அவர் அறிவார். கரடிக்கு எதிரே நிற்கும் நாயை அதுவரை அவர் கண்டதில்லை. அன்பு நமக்குத் தரும் அறிவு உண்மையானதே. ஆயினும் அது முழுமையானது அன்று. ஆகவே பட்டியல், உரிமையாளரின் உறுதிமொழி ஆகிய இரண்டுமே அறிய முடியாததை அறிந்ததாகக் கொள்கின்றன.

கயிறு கேட்காத கேள்வி

இவ்விடத்தில்தான் எளிய ஆறடிக் கயிற்றின் சிறப்பு விளங்குகின்றது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பொது விதி எந்த இனத்தின் பெயரையும் குறிப்பிடுவதில்லை. கயிறு 6 அடியை மீறலாகாது, கட்டிவிட்டு அகலலாகாது, தொல்லை தரும் ஒலியை அனுமதிக்கலாகாது, கழிவை அகற்ற வேண்டும். இவ்வளவே அதன் சாரம். யெல்லோஸ்டோனில், சாலை, வாகன நிறுத்தம், முகாம் திடல் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் நாயைக் கொண்டு செல்லலாகாது. வெந்நீர் ஊற்றுகளின் பலகைப் பாதைகளிலும் அதற்கு இடமில்லை. சிறு மடிநாயும் பெருங்காவல் நாயும் இவ்விதிக்குமுன் ஒன்றே.

இது மிகையான கண்டிப்பு என்று எண்ணுவோர் 1981-இல் அங்கே நிகழ்ந்ததை நினைவில் கொள்வது நலம். ஒரு நாய் வண்டியிலிருந்து தப்பியோடிக் கொதிக்கும் ஊற்று ஒன்றில் குதித்தது. அதைக் காப்பாற்ற அதன் உரிமையாளரின் நண்பரான இளைஞர் ஒருவர் ஊற்றினுள் பாய்ந்தார். நாயும் மடிந்தது, மறுநாள் அவரும் உயிர்நீத்தார். அந்த நாய் யாரையும் கடிக்கவில்லை. அதன் இனத்தைப் பற்றிய எந்தக் கேள்வியும் அவ்விளைஞரைக் காத்திருக்காது. அதைக் கையில் பிடித்திருக்கும் ஆறடிக் கயிறு காத்திருக்கக்கூடும்.

அறிமுகமற்றோர் கூடும் இடத்தில், ஒவ்வொருவரையும் ஆராய்ந்து தீர்ப்பிட இயலாது. எல்லாரிடமும் ஒரே சுமையைக் கேட்கும் விதிக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படுவதில்லை. "உன்மேல் ஐயம் கொள்கிறேன்" என்று அது கூறுவதில்லை. "உன்னை இன்னும் அறியேன்" என்றே கூறுகின்றது. முன்னையது அவமதிப்பு, பின்னையது உண்மை.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டமும் இவ்வழியே செல்வது குறிப்பிடத்தக்கது. பயிற்சி பெற்ற உதவி நாயுடன் வருபவரிடம், தேவை வெளிப்படையாகத் தெரியாதபோது, இரண்டே கேள்விகளைக் கேட்கலாம். உடற்குறை அல்லது உளக்குறை காரணமாக இந்நாய் தேவைப்படுகின்றதா? எந்தப் பணிக்கு இது பயிற்றப்பட்டுள்ளது? இனத்தைக் காட்டி அதை விலக்கவோ அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கவோ இயலாது. ஆனால், நாய் கட்டுக்கடங்காமல் போய், உரியவரும் அதை அடக்காவிடில், வெளியேற்றலாம். சட்டம் இங்கே பணியையும் செயலையும் நோக்குகின்றது. இச்சலுகையைக் கள்ளத்தனமாகப் பயன்படுத்தி, பயிற்சியற்ற நாய்க்கு உதவி நாயின் மேலாடையை அணிவிப்போர் உளர். பல மாநிலங்கள் அதனைக் குற்றமாக்கியுள்ளன. அவர்கள் ஏமாற்றுவது திடல் உரிமையாளரை மட்டுமன்று. அடுத்து வரப்போகும் பார்வையற்றவரின்மேல் ஐயத்தின் நிழலை விழச்செய்பவர்களும் அவர்களே.

நாய்க்கு நாம் கடன்பட்டது

விலங்குக்கு உரிமை உண்டா என்னும் தத்துவ வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால், அதைத் துணையாகக் கொண்டவருக்குக் கடமை உண்டு என்பதில் ஐயமில்லை. வெளியே 21 பாகை வெப்பமே இருக்கும் இதமான நாளிலும், மூடிய காருக்குள் பத்தே நிமிடங்களில் 32 பாகையும், அரைமணியில் 40 பாகையும் ஏறிவிடும். வண்டி வீட்டில் குளிர்சாதனம் ஓடுகின்றதே என்று நாயை விட்டுச் செல்வோர், மின்தடை ஏற்பட்டால் என்ன நிகழும் என்பதை எண்ணுவதில்லை. பூங்காவின் பாதையிலும் நாய்க்கு இடமில்லை, தனியே விடவும் கூடாது என்றால் எப்படி என்று அவர்கள் சலித்துக்கொள்ளலாம். ஒருவர் நாயுடன் இருக்க மற்றவர் சென்று பார்த்துவரும் குடும்பங்கள் பல. தனியே பயணம் செய்பவர் சில காட்சிகளைக் காணாமலே திரும்புகிறார். துணை வேண்டும், அதன் விலை வேண்டா என்பது அன்பாகாது.

விதிக்கு விலக்கே கூடாதா என்று வினவலாம். சட்டம் பொதுவாகவே பேசும், வாழ்வோ தனித்தனியாக நிகழும் என்பதை உணர்ந்த அரிஸ்டாட்டில், லெஸ்போஸ் தீவின் கட்டடத் தொழிலாளர் பயன்படுத்திய ஈய அளவுகோலை உவமையாகக் காட்டினார். அது கல்லின் வடிவுக்கேற்ப வளையும். திடல் காப்பாளருக்கு அத்தகைய வளைவு வேண்டும்: புயல் வீசும் இரவில், பட்டியலில் உள்ள நாயுடன் வந்து நிற்கும் முதியவளுக்கு ஓரமான ஓர் இடத்தை ஒதுக்கித் தர முடியுமா என்று அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால், அந்த வளைவை விருந்தினர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளலாகாது. "என் நாய்க்குக் கயிறு வேண்டா" என்பவர் ஈயக்கோலைப் பயன்படுத்தவில்லை, கோலையே எறிந்துவிடுகிறார்.

பட்டியலை விட முடியாத திடல்களுக்கும் ஒரு கடமை உண்டு. அறிவிக்கப்படாத சட்டம் சட்டமாகாது என்பது புனித தோமஸ் அக்குவினாஸ் வகுத்த இலக்கணம். இடத்தை முன்பதிவு செய்யும்போதே தெளிவாகக் கூறப்பட்டால், எவரும் இருளில் திருப்பி அனுப்பப்பட வேண்டியதில்லை.

ஆறடி என்பது சிறிய நீளம். அந்நீளத்துக்குள் நாய்க்குத் துணையும் பாதுகாப்பும் கிட்டுகின்றன. அதற்கு அப்பால், அஞ்சும் அயலானுக்கு அமைதி கிட்டுகின்றது. யாரையும் பழிக்காமல், யாரையும் ஆராயாமல், எல்லாரிடமும் சிறிதளவு கேட்கும் இத்தகைய ஏற்பாடுகளால்தான் அறிமுகமற்றோர் ஓரிரவு அருகருகே உறங்க முடிகின்றது. ஆகவே கயிற்றைப் பிடிக்கும் கைக்கு அது தண்டனை எனத் தோன்ற வேண்டியதில்லை. பக்கத்து வண்டியில், பெயரறியாத ஒருவருக்கு அளிக்கப்படும் மரியாதை அது.