கடன் தீர்ந்த வீட்டிற்குக் காப்பு வேண்டுமா?

சில வாரங்களுக்கு முன், பினாங்கில் ஒரு பள்ளிவாசல் திண்ணையில், அஸர் தொழுகைக்குப் பின் நடந்த ஒரு பேச்சே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது. எழுபது வயதைத் தாண்டிய வணிகப் பெரியவர் ஒருவர், முகத்தில் நிறைவோடு சொன்னார்: "வீட்டுக் கடனை முழுக்க அடைச்சுட்டேன், அல்ஹம்துலில்லாஹ். பாங்க்காரன் கட்டச் சொன்ன இன்ஷூரன்ஸும் அதோட முடிஞ்சது. இனி அந்த வீடு எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம்." சுற்றியிருந்தவர்கள் தலையை அசைத்தார்கள். நாமும் அசைத்தோம். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த வார்த்தை உறுத்தத் தொடங்கியது.

ஏனெனில், அதே பெரியவரின் கடைச் சரக்கிற்குத் தீக்காப்பு உண்டு என்பதை நாம் அறிவோம். மிளகாய், மல்லி, பருப்பு என்று அடுக்கி வைத்திருக்கும் கிட்டங்கிக்கும் உண்டு. அவருடைய வேனுக்கும் உண்டு. அது சட்டத்தின் கட்டாயம். சரக்கிற்குக் காப்பு எடுக்கும் நாளில், "இது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம்" என்று அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாங்கில் ஓவர்டிராஃப்ட் கிடைத்திராது. ஆக, தவக்குல் என்னும் பெரிய சொல் கடையின் வாசற்படியில் நின்றுவிட்டு வீட்டிற்குள் மட்டும் நுழைகிறது. இது அவர் ஒருவருடைய முரண்பாடு அன்று, நம்மில் பலருடையது.

நம்மவர் காப்புறுதியைத் தவிர்ப்பதற்குச் சொல்லும் காரணங்கள் இரண்டு. அவை வேறு வேறானவை. நாமோ இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறோம். ஒன்று, ஒப்பந்தத்தில் வட்டியும் சூதும் நிச்சயமின்மையும் கலந்திருக்கின்றன என்பது. இது மார்க்க அறிஞர்கள் எழுப்பிய கேள்வி; எவரும் கையை வீசித் தள்ளிவிட முடியாதது. மலேசியாவில் தேசிய பத்வாக் குழு 1972-ஆம் ஆண்டிலேயே, அப்போது வழக்கிலிருந்த ஆயுள் காப்புறுதி முறை இக்காரணங்களால் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அத்தோடு நில்லாமல் மாற்று வழியும் தேடப்பட்டது. 1984-இல் தகாபுல் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டில், ஜித்தாவில் கூடிய உலக இஸ்லாமிய நாடுகளின் பிக்ஹ் கழகம், வணிக நோக்குடைய காப்புறுதி ஆகாது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு வகை ஆகும் என்று தெளிவுபடுத்தியது.

தகாபுலில் நாம் கட்டும் பணம் ஒரு பொதுப் பெட்டிக்குத் தரும் நன்கொடை என்ற நிய்யத்தில் வைக்கப்படுகிறது. பெட்டியை நடத்தும் நிறுவனம் கணக்கப்பிள்ளையைப் போலச் சம்பளம் பெற்றுக்கொள்கிறது. தீயோ வெள்ளமோ வந்தவனுக்கு மற்றவர்களின் நன்கொடையிலிருந்து உதவி போகிறது. ஒரு கூட்டத்தான் செய்த உயிர்ச்சேதத்திற்கான ஈட்டை அக்கூட்டத்தார் அனைவரும் பங்கிட்டுக் கொடுத்த அரபு நாட்டு ஆகிலா வழக்கத்தையே அறிஞர்கள் இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவர். ஆகவே, மலேசியாவில் வாழும் ஒருவர் முதல் காரணத்தைச் சொல்லி வீட்டைக் காப்பின்றி விடுவது இன்று பொருந்தாது; தகாபுல் நிறுவனங்கள் வீட்டிற்கும் காப்புத் தருகின்றன. சிங்கப்பூரில் அவ்வளவு பரவலாக இல்லை. அங்குள்ளவர்கள் தம் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

இரண்டாவது காரணந்தான் கடினமானது. வருவதை இறைவன் விதித்திருக்கிறான். அதற்கு முன்கூட்டியே பணம் கட்டி வைப்பது நம்பிக்கைக் குறைவல்லவா என்பது அது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே இறைவனிடம் பொறுப்பை விட வேண்டும் என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. அதைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடலாம். நாம் வேறொரு கேள்வி கேட்க விரும்புகிறோம். காப்பில்லாத வீடு எரிந்தால் அந்த இழப்பு எங்கே போகிறது?

இழப்பு என்பது காற்றில் கரைவதில்லை. 1961-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, சிங்கப்பூர் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. அந்த இழப்பை யாரோ சுமக்க வேண்டியிருந்தது. அரசு சுமந்தது, பொதுமக்கள் நன்கொடையாகச் சுமந்தார்கள், ஓராண்டு முன்புதான் தோன்றியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளைக் கட்டிச் சுமந்தது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியபோதும் இதேதான். அவ்வாண்டின் இறுதியில் வந்த வெள்ளத்தால் மலேசியாவிற்கு 610 கோடி வெள்ளி இழப்பு என்று அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் குடியிருப்பு வீடுகளின் பங்கு மட்டும் 160 கோடி. ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஏறி நின்ற குடும்பங்களின் படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம்.

ஊரே அழிந்தால் அரசு வரும். ஒரே ஒரு வீடு எரிந்தால்? கோலாலம்பூரில் மாதச் சம்பளத்திற்கு வேலை பார்க்கும் மகன் வருவான். தன் பிள்ளைகளின் படிப்புப் பணத்தை எடுத்துக்கொண்டு வருவான். மருமகன் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டியிருக்கும். ஜும்ஆ தொழுகைக்குப் பின் வாசலில் துண்டு விரிக்கப்படும். நாமும் பத்து இருபது போடுவோம். அதாவது, காப்பெடுக்காத பெரியவரும் உண்மையில் ஒரு காப்பின் மேல்தான் சாய்ந்திருக்கிறார். அந்தக் காப்பிற்குப் பத்திரம் இல்லை, கேட்காமலேயே மகன் தலையில் எழுதப்பட்டது, அவ்வளவே வேறுபாடு. "எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம்" என்ற வார்த்தைக்குள் மகனும் மருமகனும் ஜமாஅத்தும் சத்தமின்றி நிற்கிறார்கள். இழப்பு வந்தால் ஒருவரிடமும் கை நீட்டமாட்டேன், மரத்தடியில் இருந்துகொள்வேன் என்ற உறுதியோடு ஒருவர் காப்பை மறுப்பாரானால், அவருடைய தவக்குலுக்கு நாம் தலை வணங்குவோம். அப்படிப்பட்டவரை நாம் இதுவரை சந்திக்கவில்லை.

இனி, பெரியவர் "முடிஞ்சது" என்று சொன்னாரே, அந்த இன்ஷூரன்ஸ் எது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நம் மூத்தோர் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். கடன் வாங்கும்போது பாங்க் எடுக்கச் சொல்லும் காப்பு இரண்டு வகை. ஒன்று, கடனாளி இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ மிச்சக் கடனை அடைப்பது. ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருவது. அது மனிதர் மேல் எடுத்த காப்பு. வீடு எரிந்தால் அதிலிருந்து ஓர் ஓடு கூட வராது. சிங்கப்பூரில் மத்திய சேமநிதிக் கழகம் நடத்தும் கடன் காப்புத் திட்டமும் இவ்வகையே. அது 65 வயதிலோ கடன் தீரும் நாளிலோ, எது முந்துகிறதோ அப்போது முடிகிறது. மற்றொன்று கட்டடத்தின் மேல் எடுத்த தீக்காப்பு. கடன் உள்ளவரை பாங்க் அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். கடன் தீர்ந்தால் நினைவூட்ட ஆளில்லை. ஆக, மனிதர் மிகவும் தளர்ந்து, புதிதாகச் சம்பாதிக்க முடியாத அந்த வயதில்தான் வீடு காப்பின்றி நிற்கிறது.

சிங்கப்பூர் வீடமைப்புக் கழக அடுக்குமாடியில் இருப்பவர்க்கும் இதே கதைதான். கழகக் கடன் நிலுவையில் உள்ளவரை தீக்காப்பு கட்டாயம். அதற்குக் கட்டும் பணம் ஐந்தாண்டுக்குப் பத்து வெள்ளி கூட ஆகாது. ஆனால் அது கழகம் கட்டிக் கொடுத்த சுவரையும் தரையையும் பொருத்துகளையும் மட்டுமே பார்க்கும். நாம் பின்னர் போட்ட அலமாரி, கட்டில், குளிர்சாதனம், துணிமணி எதுவும் அதில் அடங்கா. மலேசிய அடுக்குமாடிகளில் கட்டடத்திற்கு நிர்வாகமே காப்பெடுக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கும் உள்ளே இருக்கும் சாமான் நம் பொறுப்பு.

தனி வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது வேறு. மலேசியாவில் சாதாரணத் தீக்காப்புப் பத்திரம் தீ, இடி, சமையல் வாயு வெடிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடும். வெள்ளம் அதில் இல்லை. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட பினாங்குக்காரர்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டுடைமையாளர் பத்திரம் என்பது இன்னும் அகலமானது: வெள்ளம், புயற்காற்று, தண்ணீர்த் தொட்டி உடைதல், பூட்டை உடைத்துத் திருடுதல் முதலியவற்றால் கட்டடத்திற்கு வரும் சேதம் அதில் அடங்கும். மண்சரிவு பொதுவாக அடங்காது. வீட்டுச் சாமானுக்கு உரிய பத்திரம் மற்றொன்று. ஒரு நல்ல செய்தி: ஆயுள் காப்புறுதிக்காரர் நம் வயதைக் கேட்டு முகம் திருப்பலாம், வீட்டுக் காப்பில் முக்கியமாகப் பார்ப்பது வீட்டைத்தான். மேல்தளம் மரமா, சுவர் செங்கல்லா என்பதைப் பொறுத்துத் தொகை ஏறும் இறங்கும்.

தொகை எவ்வளவு போடுவது என்பதில் வணிகர்களாகிய நாமே தவறு செய்வது வியப்பு. வீட்டை விற்றால் வரும் விலை வேறு. எரிந்த வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு வேறு. நிலம் எரியாது. திரும்பக் கட்டும் செலவுக்கே காப்பு. அதற்குக் குறைத்துப் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்க்குப் பத்திரத்தில் ஒரு விதி காத்திருக்கிறது. கட்டச் செலவு 4 இலட்சம் வெள்ளி ஆகும் வீட்டிற்கு 2 இலட்சத்திற்கு மட்டும் காப்பெடுத்து, அடுப்பங்கரை எரிந்து 80,000 வெள்ளி சேதமானால், முழுச் சேதமும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பாதியே, 40,000 வெள்ளியே கிடைக்கும். மீதிப் பாதிக்கு நாமே காப்பாளர் என்று கணக்கு. இருபதாண்டுக்கு முன் போட்ட தொகையை அப்படியே புதுப்பித்து வரும் மூத்தோர் இந்த இடத்தில் ஒரு முறை பேரேட்டைத் திறந்து பார்ப்பது நலம்.

நம்மவர்க்கே உரிய சில பழக்கங்களையும் சொல்லியாக வேண்டும். கடையில் இடமில்லை என்று நாலு மூட்டை மஞ்சளையும் துணிக் கட்டுகளையும் வீட்டு முன்னறையில் அடுக்குகிறோம். குடியிருப்பு வீடு என்று எழுதிக் கொடுத்து, உள்ளே கிட்டங்கி நடத்துவது சொல்லுக்கு மாறு. அந்தச் சரக்கு வீட்டுச் சாமான் பத்திரத்தில் அடங்காது என்பதோடு, வீட்டிற்கான உரிமையும் கேள்விக்குள்ளாகலாம். நகைக்கும் வரம்பு உண்டு: மலேசியப் பத்திரங்களில் தங்கம், வெள்ளி எல்லாம் சேர்ந்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தனியே எழுதிக் கொடுக்காத எந்த ஒரு பொருளும் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான விதி. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் தாயகத்திற்குப் போகும் வழக்கமும் நமக்குண்டு. ஆளில்லாத நாள் ஓர் அளவைக் கடந்தால் காப்பு சுருங்கும். அந்த அளவு பத்திரத்திற்குப் பத்திரம் மாறும். கப்பல் காலத்தில் ஊருக்குப் போனால் ஓராண்டு என்பார்கள்; இப்போது அவ்வளவு இல்லை என்றாலும், போகும் முன் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

சேதம் வந்த பிறகு கணக்குக் கொடுப்பதிலும் ஒரு சோதனை இருக்கிறது. காப்பு இழப்பை ஈடு செய்ய மட்டுமே. இலாபம் தர அன்று. நனைந்த பழைய மெத்தையைப் புது மெத்தை என்று எழுதுபவன், தகாபுல் பெட்டியிலே கை வைக்கிறான் என்றால், அது முகம் தெரியாத ஒரு விதவை போட்ட நன்கொடையாகவும் இருக்கலாம். கடையில் எடை குறைக்காதவர் இங்கும் கூட்டி எழுதக்கூடாது.

கையில் வருமானமே இல்லாத மூத்தவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். எல்லாப் பத்திரமும் வாங்க முடியாதவர் முதலில் கட்டடத்தைப் பார்க்கட்டும், சாமான் பிறகு. மகன் கட்டட்டும் என்றால் அதுவும் முறையே. பிள்ளைகளுக்கு வாப்பா விடக்கூடிய சுமையைவிட அது மிகச் சிறியது. ஆனால் பத்திரம் வீட்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும். வரும் தொகையும் அவருடையதே. பணம் கட்டிய மகன் அதைக் காட்டி நாளை பெண்மக்களின் பங்கில் கூடுதல் கேட்கலாகாது. கடனாகக் கட்டுகிறேன் என்றால் அன்றே எழுதி வைக்கட்டும். வீட்டுக்காரர் காலமானால், பாகம் பிரியும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று விடாமல், உடனே நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். பாகம் பிரியாத வீடுகள் நம்மிடம் எத்தனை என்பதைச் சொன்னால் இந்த இதழ் போதாது.

சென்ற வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவரை மீண்டும் கண்டோம். மேற்கண்டவற்றில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பின்பு, "தம்பி, மாடியில நாலு கட்டு கைலி கிடக்கு. அதை முதல்ல கடைக்கு எடுத்துடணும்" என்றார். பேரனை அழைத்து, மறுநாள் காலையில் வேன் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, பழைய பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யோசித்தவாறே செருப்பைத் தேடினார்.