விசாரிக்க ஆள் இல்லாத நாட்கள்

காளையார்கோவில் பக்கம் பல வீடுகளில் ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது அவர்கள் அங்கே முடங்கினார்கள், வீட்டுக்காரர்கள் இங்கே முடங்கினார்கள். சிங்கப்பூர் விடுதிகளில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அறையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள். இங்கே ஊரின் சொர்ணகாளீஸ்வரர் கோயிலும் நடை சாத்தியிருந்தது. பிரதோஷத்துக்குப் போய், சாமி கும்பிட்டு, பிரகாரத்தில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசிவிட்டு வருவதுதான் தனியாக இருக்கும் எத்தனையோ பெண்களுக்கு வெளியுலகம். அதுவும் செப்டம்பர் வரை இல்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அப்படித் தனியாக இருந்தவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். முகநூலில் 'லண்டன் டாக்டர்' ஒருவர் அறிமுகமானார். காலையில் வணக்கம், மதியம் "சாப்பிட்டீங்களா?", ராத்திரி "பிரஷர் மாத்திரை போட்டாச்சா?". மாதக்கணக்கில் ஒருநாளும் தவறவில்லை. பிறகு பரிசுப் பெட்டி ஒன்று அனுப்பியிருப்பதாகச் செய்தி வந்தது. அடுத்து, டெல்லி விமான நிலையக் கஸ்டம்ஸ் என்று ஒரு பெண் பேசினாள். முதலில் வரி கட்டச் சொன்னாள். பெட்டிக்குள் வெளிநாட்டுப் பணம் இருப்பதால் அபராதம் என்றாள். கட்டாவிட்டால் கேஸ் என்று மிரட்டினாள். அக்காவின் சங்கிலியும் வளையலும் அடகுக்கடைக்குப் போயின.

போனில் கூப்பிட்டுத் தனிநபர் கணக்கில் வரி கட்டச் சொல்வது கஸ்டம்ஸ் வழக்கமில்லை. மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அந்த அக்காவுக்கு இதைச் சொல்ல அன்று பக்கத்தில் ஆள் இல்லை.

விஷயம் வெளியே தெரிந்தபோது ஊர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த வயசுல இது தேவையா?" எனக்கு இன்றும் ஆறாத கோபம் இந்தக் கேள்வி மேல்தான். சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு வயது வரம்பு உண்டா? அக்கா என்னிடம் சொன்னார்: "பணம் போனது போகட்டும் தம்பி. மூணு வேளையும் கேட்ட ஆளு பொய்யின்னு ஆயிருச்சே, அதத்தான் தாங்க முடியல."

படிக்காததால் ஏமாந்தார் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. அமெரிக்காவில் இந்தக் காதல் மோசடிகளில் மக்கள் இழந்ததாக அந்நாட்டு வணிக ஆணையத்துக்கு 2020-ல் வந்த புகார்களின் தொகை 30.4 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ பாதி அளவு அதிகம். வீட்டுக்குள் அடைபட்ட மனிதர்கள் எங்கும் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள்.

அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டச்சு செய்பவர் யார் என்பது இன்னொரு கொடுமை. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022 அக்டோபரில் அவர்களில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். மியான்மரில் குறைந்தது 1.2 லட்சம் பேரும் கம்போடியாவில் சுமார் 1 லட்சம் பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் கூறியது. நம் செட்டிநாட்டார் கப்பலேறிப் போய்ப் பொருள் ஈட்டிய பர்மாதான் இந்த மியான்மர். எல்லா மோசடிக்காரர்களும் கைதிகள் என்று நான் சொல்லவில்லை. பணத்தைக் கொண்டுபோகும் முதலாளி வேறெங்கோ பத்திரமாக இருக்கிறான் என்பதை மறக்க வேண்டாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. நம் தெருவோ ஏமாந்தவருக்குத் தண்டனை கொடுக்கிறது. அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை. மோசடிக்காரனுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

அன்று இல்லாத 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண் இன்று இருக்கிறது. பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வழியுண்டு. உங்கள் வீட்டில் யாராவது தயங்கித் தயங்கி இப்படி ஒன்றைச் சொல்ல வந்தால், எப்படி நம்பினாய் என்று கேட்காதீர்கள். எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, உடனே அந்த எண்ணை அழையுங்கள்.