இயந்திரக் கையின் வினை யாருடையது?

ஒரு தொழிற்சாலையில் பத்துப் பேர் கையால் செய்துவந்த வேலையை ஓர் இயந்திரக் கை ஏற்றுக்கொள்ளும்போது, அதனால் விளையும் நன்மையும் தீமையும் யாருடைய வினைக்கணக்கில் சேரும் என்பது பொருளியலார் கேட்காத கேள்வி. சைவ சித்தாந்தமோ அதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளது. அக்கையை இயக்கிவைத்த பொறியாளர் நிலையான பணியாளராக இல்லாமல், சில மாத ஒப்பந்தத்தில் வந்து, திட்டம் முடிந்ததும் வேறிடம் செல்பவராக இருந்தால் கேள்வி மேலும் சிக்கலாகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இதைக் கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. ஏனெனில் அங்குள்ள தமிழர் பலருடைய குடும்ப வரலாறே ஓர் ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறது.

பேராக்கின் கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்படுவதற்கு முன்பே, மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். கப்பற்செலவை முன்பணமாகப் பெற்றவர் குறிப்பிட்ட காலம் வரை ஒரே முதலாளியிடம் உழைக்கக் கட்டுண்ட சஞ்சிக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணிகள் தத்தம் ஊரிலிருந்து ஆள் திரட்டிவரும் முறை, இந்திய அரசு 1938இல் விதித்த தடையோடு முடிவுக்கு வந்தது. சஞ்சியை மீறிய கூலியாள் கடன்காரராகக் கருதப்படாமல் குற்றவாளியாகவே தண்டிக்கப்பட்டார் என்பதை நோக்கும்போது, அவ்வொப்பந்தம் இருவர் மனமொத்துச் செய்துகொண்ட உடன்பாடு என்று சொல்வது கடினம்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் வாழ்க்கையைத் தலையெழுத்து என்று ஏற்கும் மனப்பாங்குக்கு வினைக்கொள்கையே துணைநின்றது என்று, 1929இல் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்த காலத்தில் வலுப்பெற்ற சுயமரியாதை இயக்கத்தார் குற்றம் சாட்டினர். குற்றச்சாட்டில் நியாயம் உண்டு, ஆயினும் அது கொள்கையின் ஒரு பாதியையே தொடுகிறது. சித்தாந்த நூல்கள் வினையை மூன்றாகப் பகுக்கின்றன: பிறவிதோறும் ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதில் இப்பிறவியில் நுகர்வதற்கு வந்தது பிராரத்தம், அதை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். தோட்டத்தில் பிறந்தது பிராரத்தமாக இருக்கலாம். தோட்டத்திலேயே கிடப்பது அவ்வாறு முன்பே முடிந்த செய்தி அன்று. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க, தொழிலாளர் தம் கூலியில் சிறுகச் சிறுகப் பங்கு செலுத்தித் தோட்டங்களையே வாங்கினர். தலையெழுத்துப் பேச்சுக்கு ஆகாமியம் கொடுத்த மறுமொழியாக அதைக் கொள்ளலாம்.

இன்று பல தோட்டங்களில் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை நிற்கிறது. தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர், 1969இல் ஈப்போவில் நாட்டின் முதல் பாலிடெக்னிக்காகத் தொடங்கப்பட்ட உங்கு ஓமார் போன்ற நிறுவனங்களில் மின்னியலும் இயந்திரவியலும் கற்றுத் தொழில்நுட்பராகின்றனர். ஈப்போவின் சில்லு ஆலைகளும் தஞ்சோங் மாலிமின் கார் ஆலையும் தானியக்கத்தை நம்பியே இயங்குகின்றன. தானியக்கத் துறையில் வேலை பெரும்பாலும் திட்டம் திட்டமாகவே வருகிறது. ஆலை உரிமையாளர் பணியை ஒருங்கிணைப்பு நிறுவனத்திடம், அதாவது பல நிறுவனங்களின் ரோபோ, உணரி, கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றை ஒரே அமைப்பாக இணைத்துத் தருபவரிடம், ஒப்படைக்கிறார்; அந்நிறுவனம் துணை ஒப்பந்தக்காரரையும், அவர் தனிப் பொறியாளரையும் அமர்த்துகின்றனர். நிரல் எழுதியவர், பொருத்தியவர், சோதித்தவர் என்று செயல் துண்டு துண்டாகிவிடுவதால், வேலையிழந்தவரோ காயமுற்றவரோ கேட்கும்போது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்ட இயலும்.

இயந்திரமே செய்தது என்னும் விடையைச் சித்தாந்தம் ஏற்பதில்லை. உடல், கருவி, உலகு, நுகர்பொருள் ஆகிய தனு, கரண, புவன, போகங்கள் மாயையிலிருந்து தோன்றியவை; அவை அறிவற்ற சடம்; சடத்திற்கு வினை இல்லை. திருநாவுக்கரசர் கையில் இருந்த உழவாரம் கோயில் முற்றங்களைச் செதுக்கியது; ஆனால் உழவாரம் முத்தி பெற்றதாக எந்த அடியாரும் சொல்லவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ரோபோக்கள் சீனாவின் ஹைனான் தீவில் சோதிக்கப்படுவதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பட்டைக்கு உள்ளே, மரம் வளர்வதற்கு ஆதாரமான மெல்லிய படலத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னே உளியை நிறுத்த வேண்டும். ஆழம் கூடினால் மரம் புண்படும், குறைந்தால் பால் குறையும். விடியுமுன் வெட்டுக்குப் போன பெண்கள் விரலில் வைத்திருந்த அந்த அளவே ரோபோவின் நிரலில் எண்ணாக மாறுகிறது. அறிவு அவர்களுடையது, எண்ணாக்கியவர் பொறியாளர், இயந்திரம் இரண்டையும் அறியாது.

அப்படியானால் பல கைகளில் பிரிந்த செயலின் வினை எவ்வாறு பங்கிடப்படும்? சிவஞான சித்தியார் வினையை இதம், அகிதம் என்று, அதாவது உயிர்களுக்கு உறுதி பயப்பது, அதற்கு மாறானது என்று விளக்கி, மனம், வாக்கு, காயம் மூன்றாலும் அது நிகழும் என்கிறது. மனத்தால் செய்வதும் செயலே என்றால், வரைபடத்தில் பாதுகாப்புத் தடுப்பை நீக்க இசைந்தவர், அந்த ரோபோ ஓடும் நாளில் வேறு ஊரில் இருந்தாலும், செய்தவரே ஆவார். ஒப்பந்தம் கூலியையும் பொறுப்பையும் பங்கிடலாம். அறிந்து செய்ததை அது பங்கிட முடியாது. வியப்பாக, மலேசியச் சட்டமும் இதற்கு நெருங்கி வருகிறது: 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வேலையிடத்து இயந்திரங்களை வடிவமைப்பவர்மீதும் நேரடிக் கடமையைச் சுமத்துகிறது.

இங்குப் பகவத் கீதையின் பெயரால் ஒரு மறுப்பு எழக்கூடும்: பலனில் பற்றின்றிச் செய்வதே உயர்ந்தது என்றால், திட்டத்தை முடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் செல்லும் ஒப்பந்தப் பொறியாளர் கர்மயோகி ஆகாரா? ஆகார். பற்றின்மை என்பது பலனைத் தனக்கென விரும்பாமை. பிறருக்கு நேரும் விளைவை எண்ணாமை அதில் அடங்காது. மேலும் பற்றைத் துறக்கும் உரிமை செய்பவருக்கே உண்டு. சேமநிதியும் சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பும் இன்றி ஆளை அமர்த்தும் ஒருவர், கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்று அவருக்கு உபதேசிப்பாரானால், அது பழைய தோட்டத் துரைக்குக் கிடைக்காத ஒரு சமயச் சான்றிதழைத் தமக்குத் தாமே எழுதிக்கொள்வதாகும்.

வினை தானும் சடமாதலால் செய்தவரை அதுவே தேடிச் சேராது, இறைவனே கூட்டுவிக்கிறான் என்பது சித்தாந்த முடிபு. அது மறுமைக் கணக்கு. இம்மையில் கணக்கை மனிதரே வைத்தாக வேண்டும், யார் எதை வடிவமைத்தார் என்ற பதிவும் கையொப்பமும் அதற்கு வேண்டும். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாக்களுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் பேராக்கின் சமய வகுப்புகள், பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், தளை) என்று மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், நாளை ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும் அப்பிள்ளைகளிடம் இக்கேள்வியையும் வைக்க வேண்டும்.